ஞாயிறைத் தள்ளிப்போட்டவள்

தங்கையை அடக்கம் செய்துவிட்டு வந்த பன்னிரண்டாம் நாள், கடைக்கு ஊதா அங்கிகள் வந்தன.

நான் வேலை பார்ப்பது துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை. முன்னால் இயந்திரங்கள். பின்னால், ஜன்னல் இல்லாத மூலையில், நானும் என் தையல் மெஷினும். பேன்ட் நீளத்தைக் குறைப்பேன், ஜிப் மாற்றுவேன், தொப்பை போட்டவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிட்டு, "துணி சுருங்கிப்போச்சு சார்" என்று சொல்லி அவர்கள் மானத்தையும் காப்பாற்றுவேன். வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் எங்கள் தேவாலயத்திலிருந்து ஒரு பெரிய பை வரும். அலமாரியில் எட்டு மாதம் மடிந்து கிடந்து அந்துருண்டை வாசம் அடிக்கும், ஃபாதர் பூசைக்குப் போடும் ஊதா அங்கிகள். அவை வந்துவிட்டால் திருவருகைக் காலம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் காத்திருக்கும் காலம். பிறக்கப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. அதனால் கோயிலில் பூ குறைவு, பாட்டில் ஆர்ப்பாட்டம் குறைவு, எங்கே பார்த்தாலும் ஊதா. பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகளை நட்டு, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவோம். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்கு. பாதிக்கு மேல் காத்தாகிவிட்டது, கொஞ்சம் சிரிக்கலாம் என்று அதற்குப் பொருள். நான்காவதும் எரிந்துவிட்டால் அவர் வாசலில் நிற்கிறார்.

இதையெல்லாம் எனக்குப் பால்குடி வயதிலேயே ஊட்டியவர் அப்பா. முப்பத்தொரு வருஷம் அந்தக் கோயிலின் பீட வேலை முழுவதும் அவர் பொறுப்பு. எந்த நாளைக்கு எந்த நிறத் துணி, எத்தனை மெழுகுதிரி, எந்த மணி எப்போது, எல்லாம் அவர் விரல் நுனியில். இப்போது வயது எழுபத்தொன்பது. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கு மறந்துவிடும். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அது சில நாள் நினைவிருக்கும். சில நாள் அவளுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்வார். ஆனால் திருவருகைக் காலத்தில் இது எத்தனையாவது வாரம் என்று கேட்டுப் பாருங்கள், பட்டென்று பதில் வரும். மனிதருடைய மூளை எதை விடும் எதை விடாது என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. எனக்கு அதில் நிறையக் கோபம் உண்டு.

தங்கையை அப்பா 'வாலு' என்றுதான் கூப்பிடுவார். என்னைப் 'பெரியவளே'. இதிலேயே எங்கள் கதை முழுக்க இருக்கிறது. அவள் குறும்பு செய்வாள், நான் பொறுப்பாக இருப்பேன். ஏழு வயதில் ஒருமுறை, முதல் ஞாயிறு அன்றே நான்கு திரியையும் ஏற்றிவிட்டாள், கிறிஸ்துமஸ் சீக்கிரம் வரட்டும் என்று. அப்பா மூன்றை ஊதி அணைத்துவிட்டு, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். திட்டு எனக்கு. பெரியவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா என்று.

அவள் ரயிலில் நான்கு மணி நேரத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். நவம்பரில் ஒரு சாயங்காலம், பள்ளி விடுவதற்கு முன்னால், நிறுத்தி வைத்த பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். தலைக்குள் ஏதோ ரத்தக் குழாய் வெடித்ததாம். பிள்ளைகள் வரிசையாக வந்து ஏறியிருக்கிறார்கள். டிரைவர் அக்கா தூங்குறாங்க என்று ஒருவருக்கொருவர் உஷ் சொல்லி, சத்தமில்லாமல் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கால் மணி நேரம் அப்படியே. இதைத் தங்கை வீட்டுக்காரர் ஃபோனில் சொன்னபோது நான் ஒருவருடைய கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தானைத் தைத்து முடித்தேன். ஏன் முடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடக்கத்துக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. டாக்டர் அவர் இதயத்தைப் பற்றிச் சொல்லியிருந்தது ஒரு காரணம். எனக்கு வாய் வரவில்லை என்பது உண்மையான காரணம்.

"எங்கடி போயிட்டு வர்ற?"

"நூல் வாங்கப்பா."

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"ஸ்டேஷன்ல காத்து."

"நூல் வாங்க எதுக்கு ஸ்டேஷனுக்குப் போன?"

மறதிக்காரர் என்று பேர். இதெல்லாம் எப்படித்தான் பிடிபடுகிறதோ. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்.

"வாலு எப்ப வருவா?"

எந்த வருஷமும் அவள் தவறியதில்லை. அந்த வழக்கம்தான் என் வாயில் வந்து உட்கார்ந்தது.

"கிறிஸ்துமஸுக்கு வருவாப்பா."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஊரில் இல்லை, வேலை மாற்றம், கொஞ்ச நாளாகும் என்று. தேதியில்லாத பொய்யை எத்தனை நாள் வேண்டுமானாலும் இழுக்கலாம். நான் போயும் போயும், அந்த மனிதரால் மறக்கவே முடியாத ஒரே ஒரு தேதியைத் தூக்கிக் கையில் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு வளையத்தை மேஜையில் வைத்து முதல் திரியை ஏற்றினோம். எங்கள் வீட்டில் ஞாயிறோடு நிற்காது. தினமும் சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் ஏற்றி, ஜெபம் சொல்லி, சாப்பிட்டு முடிந்ததும் அணைப்போம். அப்பா சுடரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னும் மூணு திரி. வாலு வந்துடுவா."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு ஆமாம்பா என்றேன்.

நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார். வந்த அன்றே சாப்பிடுங்க, எழுந்திருங்க, நடங்க என்று அதிகாரம் செய்ததில் அப்பா அவருக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்த மேனேஜர் ஒருநாள் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"பதினொரு தடவை கேட்டார்க்கா, சின்னவ எப்ப வருவான்னு. ஒவ்வொரு தடவையும் கிறிஸ்துமஸுக்குன்னு நானும் சொல்றேன். எனக்கே நரகத்துக்கு சீட்டு எழுதிட்ட மாதிரி இருக்கு."

"எனக்குப் பக்கத்து சீட்டு போட்டு வைங்க."

"சொல்லிடுங்கக்கா. அழுவார். தூங்கி எழுந்தா மறந்துடுவார். அம்மா விஷயத்துல பாக்கறோமே."

அது சரியா தப்பா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. இரண்டாம் ஞாயிறு இரண்டாவது திரி எரிந்தது. அடுத்த நாள் அப்பா, வாலுவின் மெத்தையை வெயிலில் போடச் சொன்னார். போட்டேன். தலையணை உறையை மாற்றச் சொன்னார். மாற்றினேன். மண்ணுக்குள் இருப்பவளுக்குப் படுக்கை விரித்துக்கொண்டு நின்றேன். விரிப்பின் நான்கு மூலையும் இழுத்துச் செருகும்போது அவள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எப்போதும் போல அவள் பாட்டுக்குப் போய்விட்டாள், பதில் சொல்ல நான். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவுக்குக் கேட்காமலிருக்க, தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதேன். பிறகு உறை நனைந்துவிட்டதே என்று வேறு உறை மாற்றினேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை கடைக்கு இளஞ்சிவப்பு அங்கி வந்தது. வருஷத்தில் இரண்டே நாள் போடுவது. விளிம்பு பிரிந்திருக்கிறது, ஞாயிறுக்குள் தைத்துத் தர முடியுமா என்று ஃபாதரே கொண்டுவந்தார். சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். துக்கம் விசாரித்தார். விசாரித்ததோடு விட்டிருக்கலாம்.

"இந்தக் காலமே உங்களுக்கு ஒரு ஆறுதல்தான்க்கா. காத்திருக்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு சொல்ற காலம்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வரப்போறவங்களுக்காகக் காத்திருக்க ஊதா வச்சிருக்கீங்க ஃபாதர். வரவே மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்களுக்காகக் காத்திருக்கறதுக்கு என்ன நிறம்?"

அவர் அங்கியின் பிரிந்த விளிம்பை விரலால் நீவினார். "அதுக்கும் ஊதாதான்க்கா. அடக்கத்துக்கும் அதைத்தானே போட்டுக்கறோம்" என்றார். பிறகு, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்று அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோன்றியது.

அந்த விளிம்பைத் தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. அப்பாவுக்குக் கிழமை தெரியாது, தேதி தெரியாது. திரியை வைத்துத்தான் நாள். நான் மூன்றாவது திரியை ஏற்றாவிட்டால் மூன்றாவது வாரம் வராது. நான்காவதை ஏற்றாவிட்டால் கிறிஸ்துமஸ் வராது. கிறிஸ்துமஸ் வராதவரை அவள் வரவில்லை என்றும் ஆகாது. ஏழு வயதில் அவள் செய்ததைத்தான் நாற்பத்தெட்டு வயதில் நான் தலைகீழாகச் செய்யப் பார்த்தேன். அப்போது அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. மாட்டிக்கொண்டவளுக்கு எந்தச் சந்தும் தெருவாகத்தான் தெரியும்.

மூன்றாம் ஞாயிறு காலையில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் தயாராக இருந்தார்.

"லிஃப்ட் ரிப்பேர்ப்பா. இன்னிக்குக் கோயிலுக்குப் போக முடியாது."

அவர் சட்டையைக் கழற்றவில்லை. பகல் முழுக்க அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது, என் மானத்தை வாங்குவதற்கென்றே. சாயங்காலம் முதல் இரண்டு திரிகளை மட்டும் ஏற்றிவிட்டு, முடிந்தவரை சாதாரணமாகச் சொன்னேன்.

"ரெண்டாம் ஞாயிறுப்பா. ஜெபம் சொல்லுங்க."

அப்பா ஜெபம் சொல்லவில்லை. கையை நீட்டி முதல் திரியின் பக்கத்தில் கட்டைவிரலை நிறுத்திப் பார்த்தார். பிறகு இரண்டாவது திரியின் பக்கத்தில். முப்பத்தொரு வருஷம் பீடத்தின் மெழுகுதிரிகளை அப்படித்தான் அளந்தார், எது எத்தனை நாள் எரிந்தது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று. அளவெடுத்துப் பிழைப்பவள் நான். அந்த அளவை யோசிக்கவில்லை.

"இது பதினாலு நாள் எரிஞ்சிருக்கு. இது ஏழு நாள். இன்னிக்கு மூணாம் ஞாயிறு. இளஞ்சிவப்பு."

"இல்லப்பா, நான் ஒரு நாள் அணைக்க மறந்துட்டேன், அதனால..."

"ரெண்டையுமா மறந்த?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு, என்னை யாரென்று முழுசாகத் தெரிந்து பார்த்த பார்வை.

"நீ எல்லாத்தையும் சீக்கிரம் முடிக்கணும்னு பறக்கறவளாச்சே. வர்ற நாளை எதுக்குத் தள்ளிப்போடற? வாலு வரலையா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். கதவை அவரே திறந்துவிட்டார், நான் உள்ளே போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்.

"வராம எங்க போவா? டிக்கெட்கூட எடுத்துட்டா."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இளஞ்சிவப்புத் திரியை அவரே ஏற்றினார். மூன்று சுடரையும் பார்த்துக்கொண்டு ஜெபத்தைப் பிசகில்லாமல் சொன்னார். எந்த ரயில், எத்தனை மணிக்கு, யார் கூட்டிவரப் போவது என்று கேட்டார். நான் ரயிலையும் சொன்னேன், மணியையும் சொன்னேன். பொய் ஒன்று ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குப் பெட்டி பெட்டியாகக் கோர்க்கத்தான் வேண்டியிருக்கிறது. படுக்கப் போகும்போது என்னை நானே காறித் துப்பிக்கொள்ளாத குறை.

நான்காம் ஞாயிறு கோயிலுக்குக் கூட்டிப்போனேன். இனி எந்த ரிப்பேரும் எடுபடாது. திரும்பி வந்ததும் மதியமே நான்காவது திரியையும் ஏற்றச் சொன்னார். சாயங்காலம்தானே என்றேன். ஞாயிறுன்னா ஞாயிறுதான், ஏத்து என்றார். நான்கும் எரிந்தன. அப்பா நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளச் சொல்லி, கீழே தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இனி எந்த நேரமும் வந்துடுவா."

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் அந்த ஜன்னலில் இருப்பார். நான்காம் நாளும் இருப்பார். நான் மேஜைக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு மேனேஜர் சொன்னதை நினைத்தேன். அழுவார், தூங்கி எழுந்தால் மறந்துவிடுவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்காக நான் சொல்லவில்லை. ஐந்து வாரமாக நான் யாரோடும் சேர்ந்து அழவில்லை. தங்கை வீட்டுக்காரரோடு பேசினால் அவர் உடைந்துபோவார், நான்தான் தேற்றுவேன். மேனேஜரிடம் அழுதால் தெருவெல்லாம் தெரியும். அவளைப் பெற்ற இந்த ஒரு மனிதரோடு ஒரு மணி நேரம் அழ வேண்டும் போலிருந்தது. காலையில் அவருக்குத்தான் ஒன்றும் இருக்காதே, ஒரு மணி நேரம் கடன் வாங்கினால் என்ன என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் நியாயம்.

அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா. வாலு வரமாட்டாப்பா."

"லீவு கிடைக்கலையா?"

"இல்லப்பா."

"மாப்பிள்ளையோட சண்டையா?"

"அவ செத்துப்போயிட்டாப்பா."

தெருவில் யாரோ காரை நிறுத்திக் கதவை அறைந்து சாத்தினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"எப்ப?"

"நவம்பர்ல. பஸ்ல உக்காந்திருக்கும்போதே. வலியே இல்லைன்னாங்க."

"நீ போனியா?"

"போனேன்."

"தலைமாட்டுல திரி வச்சாங்களா?"

"வச்சாங்கப்பா. ரெண்டு பக்கமும் மும்மூணு."

"நேரா நின்னுச்சா?"

"ஒண்ணு கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. நான் நிமித்தி வச்சேன்."

"நல்லது பண்ண" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணிக்கொண்டது. அந்த அழுகைச் சத்தத்தை நான் முன்பு கேட்டதில்லை. அம்மா போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை. நான் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அவர் கை என் தலைமேல் இருந்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியாது. அன்றைக்கு எனக்கு அது தேவையாகவுமில்லை. நெஞ்சில் ஐந்து வாரமாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா அழுது களைத்துத் தூங்கிப்போனார். திரிகளை அணைத்தேன்.

மறுநாள் காலை டீ போட்டுக்கொண்டு போகும்போது என்னென்ன பதில் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். வாலு எப்ப வருவா என்று கேட்பார். வருவாப்பா என்று சொல்லிவிட வேண்டியதுதான். இனிமேல் அந்தப் பொய் எனக்குக் கனக்காது, ஒருமுறை உண்மையைச் சொல்லியாகிவிட்டது.

அப்பா டீயை வாங்கிக் குடித்தார். சர்க்கரை போடலையா என்றார். போட்டிருக்கேன்பா என்றேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இன்னிக்கு ஒரு தடவைகூடக் கேக்கலை."

"தூங்கிட்டே இருந்தாரோ?"

"எங்க தூங்கினார்? முழிச்சிட்டுத்தான் இருந்தார். என்னை உங்கம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மதியம் சாப்பிட்டதை மறந்துட்டு மறுபடியும் சோறு கேட்டார். எல்லாம் வழக்கம்போலதான். இதை மட்டும் கேக்கலை. ஜன்னல் பக்கம் போலாமான்னேன். வேணாம்னுட்டார்."

அடுத்த நாளும் கேட்கவில்லை. என்னைச் சில நேரம் யாரென்று தெரியவில்லை அவருக்கு. நீ எந்த வீட்டுப் பொண்ணும்மா என்று மரியாதையாக விசாரித்தார். மனைவி செத்ததை மறந்தார், தன் வயதை மறந்தார், கோயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதை மறந்து சாவிக்கொத்தைத் தேடினார். நான் சொன்ன ஒன்றை மட்டும் மறக்கவில்லை. மறந்துவிடுவார் என்று நம்பித்தானே சொன்னேன். எதை வேண்டுமானாலும் வைக்கலாம், தங்காது என்று நினைத்து, ஓட்டைப் பாத்திரம் என்று நினைத்து, அதில் போய் அதை ஊற்றினேன்.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு திரிகளையும் ஏற்றிவிட்டு நானே கேட்டேன்.

"அப்பா, நாளைக்குக் கிறிஸ்துமஸ். யாராவது வர்றாங்களா?"

அவர் ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு வரணும்?" என்றார்.

பதினொரு தடவை. அந்தக் கேள்வியை நான் எப்படியெல்லாம் வெறுத்தேன். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும், சமையலறைக்குள் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒரே ஒரு தடவை கேளுங்கப்பா என்று அவர் காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும் போலிருந்தது அன்றைக்கு. இறந்தவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தக் கேள்விதான். அதற்குள் அவள் ரயிலில் வந்துகொண்டே இருந்தாள். காத்திருப்பதுதான் பெரிய வேதனை என்று நான் நினைத்திருந்தேன். காத்திருக்க யாருமில்லாத வீடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வருஷா வருஷம் நான்கு திரி ஏற்றியும் எனக்கு அது புரியவில்லை. அப்பாவிடமிருந்து அதைப் பிடுங்கிய பிறகுதான் புரிந்தது.

கிறிஸ்துமஸ் காலை பூசைக்குப் போனோம். ஊதாவெல்லாம் போய் வெள்ளை வந்திருந்தது. பாட்டு கூரையை முட்டியது. குடிலில் குழந்தைச் சிலையை வைத்திருந்தார்கள். எல்லோரும் குனிந்து முத்தம் கொடுத்தார்கள். அப்பாவின் நாற்காலியைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனேன். அவர் குழந்தையின் பாதத்தை விரலால் தொட்டார். "வந்துட்டார்" என்றார், வேலை முடிந்த ஆளைப் போல. ஃபாதர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு வைத்தேன். தங்கை வீட்டுக்காரர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், அவளுடைய சில பொருள்களை எடுத்துக்கொண்டு. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே பரிமாறிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கெல்லாம் வாசல் மணி அடித்தது. இரண்டு சின்ன அடி, ஒரு நீள அடி. எங்கள் வீட்டு மணியை அப்படி அடிப்பது அவள் மட்டும்தான்.

அப்பா தலையைத் தூக்கவில்லை. தட்டிலிருந்த ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

நான்தான் எழுந்து ஓடினேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலியில் இடித்துக்கொண்டு, "வந்துட்டா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். அவள் சவப்பெட்டியை மூடியதைப் பார்த்தவள் நான். மண் போட்டவள் நான். அது எதுவுமே அந்த நான்கு எட்டுத் தூரத்தில் எனக்கு நினைவில் இல்லை.

கதவைத் திறந்தேன். தங்கை வீட்டுக்காரர் கையில் ஒரு பையோடு நின்றார். அவளோடு வந்து வந்து அந்த அடி அவருக்கும் பழகியிருக்கிறது.

"முன்னாடி ரயிலே கிடைச்சுது அண்ணி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எதைப் பார்த்தாரோ, தன்னை அறியாமல் தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க" என்றேன். "அப்பா சாப்பிட்டுட்டிருக்கார்."